மிராண்டா வாசித்த பிறகும் ஏன் பேசுகிறார்கள்?

டல்லாஸ் குமரன்:
நண்பர்களே, அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய பிறகு முதல் முறையாக ஜூரி டூட்டிக்கு (குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவில் உட்கார) அழைப்பு வந்தது. போனேன், வழக்கும் முடிந்தது. இனி வெளியே பேசலாம் என்று நீதிபதியே சொல்லி அனுப்பிவிட்டதால் எழுதுகிறேன். ஊர், பெயர் எல்லாம் வேண்டாம். ஒரு கிடங்குத் திருட்டு, அவ்வளவுதான்.

எங்களுக்குக் காட்டிய முக்கியமான சாட்சியம் விசாரணை அறை வீடியோ. டிடெக்டிவ் உள்ளே வந்ததும் பையனுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுக்கிறார். ஏசி குளிருதா என்கிறார். கௌபாய்ஸ் ஆட்டம் பற்றி இரண்டு வார்த்தை. அப்புறம் மிராண்டா எச்சரிக்கை என்பார்களே, அந்தத் தாளை எடுத்து மூச்சுவிடாமல் வாசிக்கிறார்: பேசாமல் இருக்க உனக்கு உரிமை உண்டு, பேசினால் உனக்கு எதிராகப் பயன்படுத்தலாம், வக்கீலைக் கூட வைத்துக்கொள்ளலாம், காசில்லாவிட்டால் அரசு ஏற்பாடு செய்யும், எப்போது வேண்டுமானாலும் பேச்சை நிறுத்தலாம். "புரிஞ்சுதா? ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் இனிஷியல் போடு." பையன் வரிசையாகப் போட்டுக்கொண்டே போகிறான், கடைசி வரியைப் பார்த்த மாதிரிகூடத் தெரியவில்லை. அடுத்த நிமிடம் பேச ஆரம்பித்துவிட்டான்.

அவன் செய்தானா இல்லையா என்பதில் எங்கள் பன்னிரண்டு பேருக்கும் சந்தேகமே இல்லை. எனக்கு உறுத்துவது வேறு. இவ்வளவு உரிமையையும் முகத்துக்கு நேரே வாசித்த பிறகும் ஏன் பேசுகிறார்கள்? இன்னொன்று, மிராண்டா வாசிக்க மறந்தால் வழக்கே போய்விடும் என்கிறார்களே, உண்மையா?

சாக்ரமெண்டோ சீனி:
ஆமாம் குமரன், வாசிக்கலைன்னா கேஸ் போச்சு. விலங்கு மாட்டும்போதே சொல்லியாகணும். எத்தனை படத்தில் பார்த்திருக்கோம்!

அருள்மொழி:
சீனி, நான் நியூஜெர்சியில் பப்ளிக் டிஃபெண்டர்களோடு (காசில்லாதவர்களுக்கு அரசு ஏற்பாடு செய்யும் வக்கீல்கள்) பாராலீகல், அதாவது வக்கீல் உதவியாளர் வேலை பார்க்கிறேன். கட்சிக்காரர்கள் எங்களிடம் முதலில் சொல்வதே இதுதான்: "எனக்கு மிராண்டா சொல்லவே இல்லை மேடம், அப்போ வெளியே வந்துடலாம்தானே?" வர முடியாது.

மிராண்டா தேவைப்படுவது இரண்டு விஷயம் சேரும்போது மட்டும். ஆள் காவலில் இருக்கவேண்டும், போலீஸ் விசாரிக்கவும் வேண்டும். கைது செய்து, ஒன்றும் கேட்காமல் காரில் ஏற்றினால் வாசிக்கவேண்டிய கட்டாயம் இல்லை. சாலையோரம் வண்டியை நிறுத்தி "எத்தனை பீர் குடிச்சீங்க?" என்று கேட்பது பொதுவாகக் காவல் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1984இல் பெர்கெமர் வழக்கில் சொல்லிவிட்டது. அங்கே சொல்லும் பதில் அப்படியே நீதிமன்றத்துக்கு வரும்.

சரி, காவலில் வைத்து வாசிக்காமலே விசாரித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் வழக்கு போகாது. அரசுத் தரப்பு அந்த வாக்குமூலத்தைத் தன் நேரடிச் சாட்சியமாக வைக்க முடியாது, அவ்வளவுதான். குற்றம் சாட்டப்பட்டவர் கூண்டில் ஏறி வேறு கதை சொன்னால், அவர் பொய் சொல்கிறார் என்று காட்ட அதே வாக்குமூலத்தை எடுக்கலாம் (ஹாரிஸ், 1971). அவர் சொன்னதை வைத்துப் போய்த் துப்பாக்கியைக் கண்டெடுத்தால் அந்தத் துப்பாக்கியும் செல்லும் (படானே, 2004). 2022இல் வேகா எதிர் டெகோ வழக்கில் இன்னும் ஒரு படி இறங்கிவிட்டார்கள். மிராண்டா சொல்லாமல் விசாரித்தார் என்பதை மட்டும் வைத்து அந்த அதிகாரிமேல் சிவில் உரிமை வழக்கு போட முடியாது.

இந்த எச்சரிக்கைக்குப் பெயர் தந்த எர்னஸ்டோ மிராண்டாவே வெளியே வரவில்லை. 1963 மார்ச்சில் பீனிக்ஸ் போலீஸ் பிடித்து இரண்டு மணி நேரத்தில் கையெழுத்தோடு வாக்குமூலம் வாங்கியது. "என் சட்ட உரிமைகளை முழுமையாக அறிந்து தருகிறேன்" என்று அந்தத் தாளில் முன்கூட்டியே அச்சடித்திருந்தது. வக்கீல் வைத்துக்கொள்ளலாம் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. 1966 ஜூனில் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. அடுத்த ஆண்டே மறுவிசாரணை. வாக்குமூலத்தை ஒதுக்கிவிட்டு, முன்பு கூட வாழ்ந்த பெண்ணைச் சாட்சியாக நிறுத்தினார்கள். அவளிடமும் அவர் ஒப்புக்கொண்டிருந்தார். மறுபடியும் சிறை. பரோலில் வந்த பிறகு எச்சரிக்கை அச்சிட்ட அட்டைகளில் கையெழுத்துப் போட்டு விற்றார். 1976இல் ஒரு மதுக்கடைச் சண்டையில் குத்துப்பட்டு இறந்தார். அந்தக் கொலையில் பிடிபட்ட ஆளுக்கும் போலீஸ் மிராண்டா வாசித்தது.

பெரியதம்பி:
அருள்மொழி அம்மா சொன்னது சரிதான். ஆனால் இந்த இழை போகிற போக்கில் போலீஸ்காரன் என்றாலே ஏமாற்றுக்காரன் என்று ஆகிவிடும் போலிருக்கிறது. என் மருமகன் ஜார்ஜியாவில் ஒரு கவுண்டியில் டெபுடி ஷெரிஃப். அவர் சொல்வது: கைது செய்யும்போது நாங்கள் வாசிப்பதே குறைவு. பின்சீட்டில் உட்கார்ந்தவுடன் பாதிப்பேர் தானாகவே பேச ஆரம்பித்துவிடுவார்கள், நாங்கள் வாயைத் திறக்கவே வேண்டாம். கேட்காமல் தானாகச் சொன்னது எல்லாம் செல்லும், கேமராவும் ஓடிக்கொண்டிருக்கும்.

தெருவில் நிற்கிறவனுக்கு உள்ள அவசரம் நாற்காலியில் உட்கார்ந்து படிக்கிறவனுக்குத் தெரியாது. 1980இல் நியூயார்க் குவீன்ஸில் நடந்தது. துப்பாக்கியோடு ஒருத்தன் சூப்பர்மார்க்கெட்டுக்குள் ஓடினான் என்று ஒரு பெண் சொல்ல, அதிகாரி விரட்டிப் பிடிக்கிறார். தோளில் உறை இருக்கிறது, உள்ளே துப்பாக்கி இல்லை. "எங்கே?" என்று கேட்டார். அவன் காலி அட்டைப்பெட்டிகள் பக்கம் தலையை ஆட்டி, "அங்கே இருக்கு" என்றான். முதலில் நின்று நான்கு வரி வாசித்திருக்கணுமா? வேறு யாராவது, ஒரு குழந்தை, அதை எடுத்தால்? பொதுமக்கள் பாதுகாப்புக்கு விதிவிலக்கு உண்டு என்று 1984இல் குவார்ல்ஸ் வழக்கில் நீதிமன்றமே சொன்னது.

டல்லாஸ் குமரன்:
பெரியதம்பி சார், போலீஸைக் குறை சொல்ல நான் இதை ஆரம்பிக்கவில்லை. அந்த டிடெக்டிவ் குரலைக்கூட உயர்த்தவில்லை. என் கேள்வி அந்தப் பையனைப் பற்றியது. அவன் கையெழுத்தும் போடாமல், பேசவும் செய்யாமல், சும்மா உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அருள்மொழி:
சும்மா இருந்தால் போதாது, குமரன். எனக்கு இந்தச் சட்டத்தில் ஆறவே ஆறாத இடம் இதுதான்.

மிச்சிகனில் தாம்ப்கின்ஸ் என்பவரின் வழக்கு. ஒரு ஷாப்பிங் மால் வெளியே நடந்த துப்பாக்கிச் சூடு. உரிமைகளை வாசித்தார்கள், படிவத்தில் கையெழுத்துப் போட மறுத்தார். பேசமாட்டேன் என்றும் சொல்லவில்லை, வக்கீல் வேண்டும் என்றும் சொல்லவில்லை. கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் இரண்டு டிடெக்டிவ்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். அவர் அநேகமாக வாயே திறக்கவில்லை. பெப்பர்மின்ட் மிட்டாய் நீட்டினார்கள், வேண்டாம் என்றார். நாற்காலி கெட்டியாக இருக்கிறது என்றார். கடைசியில் ஒரு டிடெக்டிவ் கேட்டார்: கடவுள் நம்பிக்கை உண்டா? உண்டு. கண்ணில் நீர். அவரிடம் பிரார்த்திப்பாயா? ஆமாம். அந்தப் பையனைச் சுட்டதற்கு மன்னிப்புக் கேட்டுப் பிரார்த்திக்கிறாயா? "ஆமாம்" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த ஒரு சொல் சாட்சியமானது. உச்ச நீதிமன்றம் 2010இல் 5-4 என்று ஏற்றுக்கொண்டது. மூன்று மணி நேரம் மௌனமாக இருந்தது மௌன உரிமையைக் கோரியது ஆகாதாம். "பேச விரும்பவில்லை" என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கவேண்டுமாம். உரிமை தெரிந்தும் பேசினால் அதை விட்டுக்கொடுத்ததாகக் கொள்ளலாமாம். பேசாமல் இருக்க ஒருவன் பேசித்தான் ஆகவேண்டும் என்றால் மிராண்டாவைத் தலைகீழாக்கிவிட்டீர்கள் என்று நீதிபதி சோட்டோமயோர் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்.

காவலில் இல்லாதவருக்கு நிலைமை இன்னும் மோசம். ஹூஸ்டனில் ஒருவர் போலீஸ் கூப்பிட்டதால் தானாகப் போய்ப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். "உன் துப்பாக்கியைச் சோதித்தால் அங்கே கிடந்த தோட்டாக்களோடு பொருந்துமா?" என்றதும் நிறுத்திவிட்டார். தலையைக் குனிந்தார், கால்களை அசைத்தார், உதட்டைக் கடித்தார். அதையே அரசு வழக்கறிஞர் ஜூரியிடம் குற்ற உணர்வுக்கு அடையாளமாகக் காட்டினார். சலினாஸ் எதிர் டெக்சாஸ், 2013. செல்லும் என்றார்கள். தனக்கு எதிராகத் தானே பேசவேண்டியதில்லை என்கிற அரசியல் சட்டத்தின் ஐந்தாவது திருத்தத்தின்படி பதில் சொல்ல மறுக்கிறேன் என்று அவர் சொல்லவில்லையாம்.

சாக்ரமெண்டோ சீனி:
என்ன கொடுமை இது. வாயைத் திறந்தாலும் மாட்டுவான், மூடினாலும் மாட்டுவான். அப்புறம் எதுக்கு அரசியல் சட்டம்?

அருள்மொழி:
சொல்லவேண்டியதைச் சொன்னால் உதவும். "எனக்கு வக்கீல் வேண்டும், வக்கீல் இல்லாமல் பேசமாட்டேன்." இவ்வளவே போதும். 1981இல் எட்வர்ட்ஸ் தீர்ப்புக்குப் பிறகு அந்த வாக்கியம் வந்தால் விசாரணையை நிறுத்தியாகவேண்டும். வக்கீல் வரும்வரை அவர்களாகத் திரும்பத் தொடங்கக்கூடாது. ஆளைக் காவலிலிருந்து விட்டு 14 நாள் ஆனபிறகு வேண்டுமானால் மறுபடி முயலலாம் என்று 2010இல் இன்னொரு தீர்ப்பு. வெறுமனே பேசமாட்டேன் என்றால் பாதுகாப்பு இதைவிடக் குறைவு. சற்று இடைவெளி விட்டு, வேறொரு குற்றத்தைப் பற்றி, மறுபடி எச்சரிக்கை வாசித்துக் கேட்கலாம்.

ஆனால் தெளிவாகச் சொல்லவேண்டும். "வக்கீலிடம் பேசினால் நல்லதோ என்னவோ" என்கிற தோரணையில் ஒரு கடற்படை வீரர் சொன்னார். அது கோரிக்கையே இல்லை என்று 1994இல் டேவிஸ் வழக்கில் தள்ளிவிட்டார்கள். நம் ஆட்களை இதில்தான் நினைத்துக்கொள்கிறேன். அதிகாரியிடம் "வேண்டாம்" என்று நேராகச் சொல்ல நமக்கு நாக்கு எழுமா? "இல்லீங்க சார், ஒருவேளை…" என்றுதான் ஆரம்பிப்போம்.

மதுரை வக்கீல்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இங்கிருந்து பார்க்கிறவனுக்கு இந்தச் சண்டை முழுக்க விசித்திரமாக இருக்கிறது. இந்தியாவில் போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்கவே முடியாது. 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, இப்போது புதிய சட்டத்தில் 23. சொன்னதை வைத்துப் பொருளைக் கண்டெடுத்தால் அந்த அளவுக்கு மட்டும் செல்லும். அமெரிக்காவில் வாக்குமூலம் நேராக ஜூரியிடம் போகிறது. அதனால்தான் வாங்கும் விதத்தைப் பற்றி இவ்வளவு வழக்கு.

நெறியாளர்:
இந்திய ஒப்பீடு இத்தோடு போதும். லாக்கப் பற்றித் தனி இழை இருக்கிறது, அங்கே வாருங்கள்.

பெரியதம்பி:
வக்கீல் சார் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. வாக்குமூலம் செல்லும் என்பதால்தான் இங்கே அடிக்கத் தேவையில்லாமல் பேசி வாங்கக் கற்றுக்கொண்டார்கள். 1930களில் மிசிசிப்பியில் சாட்டையால் அடித்து வாங்கிய வாக்குமூலத்தை வைத்து மூன்று கறுப்பினத்தவருக்கு மரண தண்டனை கொடுத்தார்கள். 1936இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்தக் காலத்தோடு ஒப்பிட்டால் பெப்பர்மின்ட் நீட்டுவது எவ்வளவோ மேல். அமெரிக்காவில் நடக்கும் கொலைகளில் பலவற்றில் ஆளே பிடிபடுவதில்லை. சாட்சி சொல்ல அக்கம்பக்கத்தில் யாரும் வருவதில்லை. பேசி வாங்குவதையும் தடுத்தால் செத்தவன் குடும்பத்துக்கு என்ன பதில்?

பொய் சொல்லி விசாரிப்பதும் சட்டப்படி சரிதான். "உன் மச்சான் எல்லாம் ஒத்துக்கிட்டான்" என்று ஒத்துக்கொள்ளாத ஆளைப் பற்றிச் சொல்லி வாங்கிய வாக்குமூலம் 1969லேயே செல்லும் என்றாகிவிட்டது. செய்யாதவன் எதற்கு இதற்கெல்லாம் பயப்படப்போகிறான்?

அருள்மொழி:
செய்யாதவர்கள் ஒத்துக்கொண்டிருக்கிறார்களே, ஐயா. 1989, நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் ஓட்டப் பயிற்சிக்குப் போன ஒரு பெண்ணைப் பலாத்காரம் செய்த வழக்கு. 14 முதல் 16 வயதுப் பையன்கள் ஐந்து பேர். நான்கு பேர் கேமரா முன்னாலேயே ஒப்புக்கொண்டார்கள். மிராண்டா வாசித்தாயிற்று, சிலருக்குப் பெற்றோரும் பக்கத்தில். கேமரா ஓடத் தொடங்கியதற்கு முந்தைய மணி நேரங்களைத்தான் யாரும் பதிவு செய்யவில்லை. 2002இல் உண்மையான குற்றவாளி தானே வந்து சொன்னான், டிஎன்ஏ அவனோடு பொருந்தியது, தண்டனைகள் ரத்து. 2014இல் நகர நிர்வாகம் 4.1 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்தது. ஒத்துக்கொண்டால் வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்ததாக அந்தப் பையன்கள் பின்னால் சொன்னார்கள். குமரன் முதலில் கேட்ட "ஏன் பேசுகிறார்கள்" என்பதற்கு என் அனுபவத்தில் பெரும்பாலும் இதே பதில்தான். மறுத்தால் குற்றவாளி மாதிரித் தெரியும், ஒத்துழைத்தால் விட்டுவிடுவார்கள் என்று எல்லோரும் நம்புகிறார்கள். அந்த அறையில் நடக்கும் உபசாரம் எல்லாமே அந்த நம்பிக்கையை வளர்க்கத்தான்.

எச்சரிக்கையையே ஒரு தந்திரமாக்கியதும் உண்டு. மிசௌரியில் ரோலா என்ற ஊர். ஒரு பெண்ணை முதலில் எச்சரிக்கை இல்லாமல் விசாரித்து ஒப்புதல் வாங்கினார்கள். 20 நிமிடம் காபி, சிகரெட். திரும்ப வந்து மிராண்டா வாசித்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "நாம பேசிட்டிருந்தோமே, அதை இன்னொரு தடவை சொல்லு" என்றார்கள். அப்படித்தான் பயிற்சி கொடுத்தார்கள் என்று அதிகாரியே ஒப்புக்கொண்டார். 2004இல் சீபர்ட் தீர்ப்பில் இது செல்லாது என்றானது. அதுவும் 5-4தான்.

மாநிலங்கள் சில முன்னே போயிருக்கின்றன. 18 வயதுக்கு உட்பட்டவர்களிடம் பொய் சொல்லி விசாரிப்பதற்கு 2021இல் இல்லினாய், ஆரகன் இரண்டும் சட்டம் போட்டுக் கடிவாளமிட்டன. குமரன், உங்கள் டெக்சாஸில் காவலில் எடுத்த வாய்மொழி வாக்குமூலம் பதிவாகியிருந்தால்தான் பொதுவாகச் செல்லும். நீங்கள் வீடியோ பார்த்ததற்கும் அதுதான் காரணம். "எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்" என்ற அந்தக் கடைசி வரியும் டெக்சாஸ் சட்டம் சேர்த்தது.

லதா_எடிசன்:
அக்கா, விசாரணை அறை வரைக்கும் நம்மில் எத்தனை பேர் போகப்போகிறோம்? நியூஜெர்சி டர்ன்பைக் நெடுஞ்சாலையில் வண்டியை நிறுத்தி "டிரங்கைப் பார்க்கலாமா?" என்று கேட்டால் என்ன செய்வது? நான் ஹெச்-1பி வேலை விசாவில் இருப்பவள். முடியாது என்றால் விசாவுக்குப் பிரச்சினை வருமோ என்று பயமாக இருக்கும்.

அருள்மொழி:
லதா, "பார்க்கலாமா?" என்ற அந்தக் கேள்வியே நீங்கள் சம்மதிக்கவேண்டும் என்பதற்காகத்தான். சம்மதம் கொடுத்துவிட்டால் வாரண்டும் வேண்டாம், காரணமும் வேண்டாம். மறுக்கலாம் என்று உங்களுக்குச் சொல்லவேண்டிய கடமை அவருக்கு இல்லை. 1973ஆம் வருடத்துத் தீர்ப்பு, கலிஃபோர்னியா சன்னிவேலில் ஹெட்லைட் எரியவில்லை என்று நிறுத்திய கார். ஆறு பேரில் ஒருவர் "தாராளமா பாருங்க" என்றார். பின்சீட்டுக்கு அடியில் திருட்டு செக்குகள்.

நியூஜெர்சியில் நிலைமை நல்லது. மறுக்கும் உரிமை தெரிந்துதான் சம்மதித்தார் என்று இங்கே அரசுத் தரப்பு காட்டவேண்டும், மாநில உச்ச நீதிமன்றம் 1975இல் சொன்னது. டர்ன்பைக்கில் கறுப்பின, ஹிஸ்பானிக் ஓட்டுநர்களைக் குறிவைத்து நிறுத்திய விவகாரம் பெரிதாக வெடித்த பிறகு, 2002இல் கார்ட்டி தீர்ப்பு வந்தது. நியாயமான சந்தேகம் இல்லாமல் வண்டியைச் சோதிக்கச் சம்மதம் கேட்கவே கூடாது.

செய்யவேண்டியது: லைசென்ஸ், ரெஜிஸ்ட்ரேஷன், இன்சூரன்ஸ் கொடுங்கள். இறங்கச் சொன்னால் இறங்குங்கள், அதில் வாதாட இடமில்லை. சோதனைக்கு "சம்மதம் இல்லை" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். மீறிச் சோதித்தால் கையை வைத்துத் தடுக்காதீர்கள், அதை நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்ளலாம். பொய் மட்டும் சொல்லாதீர்கள். மறுப்பது குற்றம் இல்லை. போலி ஆவணமோ பொய்யோ கொடுத்தால் அங்கேதான் விசாவில் கை வைப்பார்கள்.

பெரியதம்பி:
மரியாதையாக என்பதை அடிக்கோடு போடுங்கள். மருமகன் சொல்வார்: போதைப்பொருள் மோப்ப நாய் வரும்வரை நிறுத்திவைப்பேன் என்று இப்போது இஷ்டத்துக்கு மிரட்ட முடியாது. நெப்ராஸ்கா வழக்கில் எச்சரிக்கைச் சீட்டு எழுதிக் கொடுத்த பிறகு ஏழெட்டு நிமிடம் கூடுதலாக நிறுத்தி நாயை மோப்பம் பிடிக்கவிட்டார்கள். சந்தேகம் இல்லாமல் அந்த ஏழெட்டு நிமிடமும் கூடாது என்று 2015இல் தீர்ப்பு. அதற்குப் பிறகு அவர்கள் ஆபீஸில் தனியாகப் பயிற்சியே வைத்தார்களாம்.

டல்லாஸ் குமரன்:
இன்னொரு சந்தேகம். ஜூரி தேர்வுக்கு அன்று ஒரு கூட்டமே வந்திருந்தது. ஆனால் பாதிப் பேரை மதியமே அனுப்பிவிட்டார்கள், வழக்கு முடிந்துவிட்டது என்று. எப்படி?

அருள்மொழி:
பேரம் முடிந்திருக்கும், அதாவது குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும் என்று இரு தரப்பும் பேசி முடிப்பது. ஃபெடரல் தண்டனைகளில் 97 சதவீதமும் மாநிலத் தண்டனைகளில் 94 சதவீதமும் குற்றத்தை ஒப்புக்கொண்டு வருபவை என்று உச்ச நீதிமன்றமே 2012இல் ஒரு தீர்ப்பில் எழுதியது. அதாவது நாம் இங்கே பேசிய வாக்குமூலங்களில் முக்கால்வாசி எந்த ஜூரியும் பார்க்காதவை. அப்படி ஒரு வீடியோ கையில் இருக்கிறது என்று தெரிந்ததும் பேரம் படிந்துவிடும். வாங்கிய விதம் சரியா என்று யாரும் சோதிப்பதே இல்லை.

லதா, குடியுரிமை இல்லாதவர்களுக்கு இதில்தான் கண்ணி. கென்டக்கியில் ஹோண்டுராஸ் நாட்டு லாரி ஓட்டுநர், நாற்பது வருடமாக இங்கே சட்டப்படி வாழ்ந்தவர், வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றியவர். இவ்வளவு காலம் இருந்துவிட்டீர்கள், நாடு கடத்தமாட்டார்கள் என்று வக்கீல் சொன்னதை நம்பிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நாடுகடத்தல் ஏறக்குறைய கட்டாயம் என்று பிறகுதான் தெரிந்தது. 2010 பாடிய்யா தீர்ப்பின்படி குடியேற்ற விளைவைச் சொல்வது வக்கீலின் கடமை. எந்தச் சின்ன வழக்காக இருந்தாலும், கையெழுத்துக்கு முன் குடியேற்ற வக்கீல் ஒருவரையும் கேளுங்கள்.

லதா_எடிசன்:
நன்றி அக்கா. கடைசியாக ஒன்று, போன்? பாஸ்வேர்டு கேட்டால்?

அருள்மொழி:
போனைத் திறந்து பார்க்க வாரண்ட் வேண்டும். ரைலி, 2014, ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக. ஆனால் வாரண்ட் வந்த பிறகு பாஸ்கோடைச் சொல்லவைக்க முடியுமா என்பதில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு பதில். பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் 2019இல் ஒரு கணினி பாஸ்வேர்டு வழக்கில் முடியாது என்றது, ஐந்தாவது திருத்தம் காக்கும் என்றது. நம் நியூஜெர்சி 2020இல் முடியும் என்றது. இங்கே பாஸ்கோடைச் சொல்லமாட்டேன் என்று கடைசிவரை போராடியவர் ஒரு முன்னாள் ஷெரிஃப் அதிகாரி. போதைப்பொருள் ஆளுக்கு ரகசியம் சொன்னதாக அவர்மேல் வழக்கு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர் முறையீட்டை எடுத்துக்கொள்ளவில்லை.

பெரியதம்பி:
பார்த்தீர்களா, போலீஸ்காரனுக்கும் கடைசியில் அதே ஐந்தாவது திருத்தம்தான் வேண்டியிருக்கிறது. மருமகனுக்கு இந்த இழையை அனுப்புகிறேன், திட்டுவாரோ என்னவோ.